தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

மென்பொருள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. தப்பு செய்தாலும் வாய் திறந்து சொல்லாது. ஆனால் அன்று குன்னூர் பேரிடர் மேலாண்மை அலுவலகத்தில் அதன் திரைமுன் வாயடைத்து நின்றேன்.

கனமழை எச்சரிக்கை வந்திருந்தது. ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேலே சரிவில் விரிசல். எந்தெந்த வீட்டு ஆட்களைக் கீழே கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று வரைபடத்தில் காட்டுவது எங்கள் வேலை. வீடுகள் வரைபடத்தில் புள்ளிகளாக இருந்தன. குடும்ப விவரங்கள் எஸ்டேட் அனுப்பிய அட்டவணையில். இரண்டையும் வீட்டு எண்ணை வைத்து இணைக்க வேண்டும். அட்டவணையில் அந்த எண்ணை மென்பொருள் எண் வகையாக எடுத்துக்கொண்டது; வரைபடத்திலோ எழுத்து வகை. வகை வேறானால் இணைக்காது. என் சீனியர் வரைபடத்து நகல் ஒன்றில் அதையும் எண்ணாக மாற்றினார். இணைந்தது. "ஒட்டிக்கிச்சுங்க" என்றார். ஆள் இருப்பதாகக் காட்டிய சிவப்புப் புள்ளிகளுக்கெல்லாம் ஜீப் போனது.

மத்தியானம் ஒரு பெண் போன் செய்தார். கொழுந்து பறிப்பவர், பிரசவமாகி வீட்டில் இருந்தவர். மாமியார் வீட்டுக்கு ஜீப் வந்து ஏற்றிப் போனதாம். இவர் பெயர் இல்லை என்று விட்டுவிட்டார்களாம்.

"ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல ஒரு தகரந்தானுங்க. மண்ணு வந்தா அவிங்களுக்கு மட்டுமா வரும்?"

உடனே அட்டவணையைத் திறந்தேன்.

லைன் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால் புது வீடு யாரும் தருவதில்லை. நடுவில் தகரம் அடித்து, பின்னால் ஒரு கதவு வெட்டி, அப்பாவின் எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். பதினாலு, பதினாலு ஏ. மென்பொருள் அட்டவணையின் மேல் வரிகள் சிலவற்றை மட்டும் பார்த்திருக்கிறது. அங்கே வெறும் எண்கள். எல்லாமே எண்தான் என்று முடிவு கட்டி, எழுத்து ஒட்டியிருந்த இடங்களைக் காலியாக விட்டுவிட்டது. புதுசாகக் குடித்தனம் வைத்தவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாரும் காலி.

சீனியரிடம் கத்தினேன்.

"எர்ரர் எதுவும் வரலியேங்க" என்றார்.

"ஆளே வரலீங்க."

அட்டவணையை முழுக்க எழுத்து வகையாகப் படிக்க வைத்து, மாற்றாத மூல வரைபடத்தோடு மறுபடி இணைத்தேன். சரிவு முழுக்கச் சிவந்தது. ஒரு புள்ளியின் இடுக்கில் இன்னொன்று, அதன் முதுகில் மற்றொன்று. இந்த மலையில்தான் பிறந்தேன். தினமும் பஸ்ஸில் அந்தச் சரிவைப் பார்த்துப் போகிறேன். தேயிலையும் மூடுபனியும் என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை அடுப்புகள், இத்தனை தொட்டில்கள் அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. ஜீப்காரருக்குப் போன் போட்டு மறுபடி மேலே அனுப்பினோம்.

சாயங்காலம் மண்டபத்தில் அந்தப் பெண் குழந்தையோடு வந்து, தன் வீட்டைக் காட்டச் சொன்னார். லேப்டாப்பில் காட்டினேன். மாமியாரின் புள்ளியோடு ஒட்டிக்கொண்டிருந்தது அவருடையது. மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"மேப்புலயாச்சும் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கலாமுங்க" என்றார் அந்தப் பெண்.

மாமியார்தான் முதலில் சிரித்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. திரையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். திரையை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.