பாதிப் பெயர் வெட்டிய செம்பு

அடுப்பில் பால் வைத்திருந்தேன். டவுனிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, அப்பா போயிட்டாவ." பால் பொங்கி வழிந்தது. என் வீட்டில் அது புதிதல்ல. அன்றைக்கு மட்டும் என்மேல் குற்றமில்லை.

ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த என் அண்ணன் சங்கரலிங்கத்தை நீங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றீர்கள். நேர்மையானவர் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினீர்கள். உண்மைதான். என்னைக் கடையை விட்டு அனுப்பியவரும் அவர்தான். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது இளவயதில் என் வேலை. ஒரு பித்தளைச் செம்பில் மாப்பிள்ளை பெயரைப் பாதி வெட்டியிருந்தபோது தெருவில் கோயில் யானையின் மணிச் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து, மீதி இடத்தில் வேறு வீட்டுக் கல்யாணப் பெண்ணின் பெயரை வெட்டிவிட்டேன். அன்றே அனுப்பிவிட்டார். செம்பை மட்டும் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொண்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். "என் தம்பி வெட்டுனது. மறதின்னு நினைக்காதீரும்வே, அம்புட்டும் திமிரு."

அந்தச் சொல்லுக்காகவே நான் முக்கூடலுக்குக் குடிபோனேன். பல வருடம் பேச்சு இல்லை.

அறுபதைத் தாண்டிய பிறகு, கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. என்ற குறைபாடு பற்றி நானே தேடிப் படித்தேன். யாரோ என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். அவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. "சின்ன வயசுலயே இருந்திருக்கணும் ஐயா. அப்போ உங்களப் பார்த்தவங்க யாராவது வந்து சொன்னாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றார். அப்படி உயிரோடு இருந்தவர் அண்ணன் ஒருவரே.

ஆள் அனுப்பினேன். வந்தார். எனக்கு உதவ அல்ல, என்மேல் புகார் சொல்ல. மஞ்சள் பையிலிருந்து அந்தச் செம்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இத மொதல்ல பாருங்க டாக்டரம்மா. புளி வாங்க அனுப்புனா ஆத்துல தண்ணி போறதப் பாத்துட்டு வெறுங்கையோட வருவான். சோத்துக்கு உக்காந்தா பாதியில எந்திரிச்சிருவான். எத்தன சிலேட்டத் தொலச்சான்னு கேளுங்க! அன்னைக்கும் இப்படித்தான், இன்னைக்கும் இப்படித்தான்."

மருத்துவர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார். முடிவில், "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. உங்க தம்பிக்கு ஏ.டி.எச்.டி.தான்" என்றார். அண்ணன் செம்பை எடுத்து மஞ்சள் பைக்குள் திரும்ப வைத்தார்.

வெளியே வந்ததும் கேட்டார். "அப்போ திமிரு இல்லங்கியாலே?"

"இல்லண்ணே. டாக்டரம்மாவே சொல்லிட்டாவல்லா."

"சரி. கொஞ்சம் இருக்கும்லே."

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அந்தச் செம்பு அதன்பிறகு கடை அலமாரிக்குத் திரும்பவில்லை. வீட்டில் கடைசிவரை அதில்தான் தண்ணீர் குடித்தார் என்று பதினாறாம் நாள் அண்ணி சொன்னார். அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சின்ன வயதில் என்னைப் பார்த்தவர் இனி யாருமில்லை. எனக்குச் சாட்சி சொல்ல அந்தச் செம்புதான் மிச்சம். முக்கூடல் வரும்வரை பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் வைத்தால் மறந்து இறங்கிவிடுவேன்.