பாக்கு வைக்காத வீடு

தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், ஏற்பாடுகளைக் கவனிக்க மதுரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணத்துக்கு என்ன தீம் வைக்கலாம் என்று கேட்டாள். முந்தின நாள் விருந்துக்குத் தனி தீமாம். எல்லோரும் வெள்ளை உடுத்தி வரலாம், இல்லையென்றால் கிராமத்து தீம் வைக்கலாம், வண்டிச் சக்கரம் வாடகைக்குக் கிடைக்கும் என்றாள். சக்கரத்துக்கும் வாடகையா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "உங்க கல்யாணத்துல என்ன ஸ்பெஷல் ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லையம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். சொல்ல ஆரம்பித்திருந்தால் அவள் முன்னால் அழுது வைத்திருப்பேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது எழுபதுகளின் கடைசியில். எங்கள் ஊர் நாகலாபுரத்துப் பக்கம். கல்யாணம் பேசி முடித்துவிட்டால் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு வீடாகப் பெண்ணை அழைத்துச் சோறு போடுவார்கள். சும்மா வா என்று கூப்பிட்டால் போதாது. வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைக்க வேண்டும். பாக்கு வைக்காத வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். எல்லா வீட்டு விருந்தும் முடிந்து, கடைசி விருந்து தாய்மாமன் வீட்டில். அதற்குப் பிறகு பந்தக்கால் ஊன்றுவார்கள். பந்தக்கால் ஊன்றிவிட்டால் பெண் ஊர் எல்லை தாண்டக் கூடாது.

தீம் என்ற வார்த்தைதான் எங்களுக்குத் தெரியாது. மற்றபடி எங்கள் பெண்களுக்கு யோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வீட்டில் வைத்த மாதிரி இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால் மானம் போயிற்று. சித்தி வீட்டில் அந்த வருஷம் பருத்தி நன்றாக வெடித்திருந்தது. அந்தப் பெருமையை யாரிடமாவது காட்டியாக வேண்டுமே. வெடித்த காயோடு பருத்திச் செடிகளைப் பிடுங்கி வந்து நிலைவாசலில் கட்டியிருந்தாள். இலையில் வைத்தது எல்லாமே வெள்ளை. இடியாப்பம், தேங்காய்ப்பால், இட்லி, தேங்காய்ச் சட்னி, பால் பாயசம், கடைசியில் தயிர்ச்சோறு. அதோடு விட்டாளா? மல்லிகைப்பூ வேண்டாம் என்று சொல்லி என் சடையில் பஞ்சைச் செருகினாள். அன்றைக்குப் பூராவும் காய்த்தோடு பிடரியில் குத்திக்கொண்டே இருந்தது.

பக்கத்துத் தெருப் பெரியம்மா வீட்டில் அவளும் மகள்களுமாகத் தீப்பெட்டி ஒட்டினார்கள். அச்சு பிசகிய லேபிள்களைக் கம்பெனியில் வீசிவிடுவார்கள். அதில் ஒரு கிளிப் படம். பிசகியதில் கிளிக்கு இரண்டு மூக்கு. அந்த லேபிள்களையெல்லாம் வளையம் வளையமாகச் சுருட்டி ஒட்டி, வீடு முழுக்கத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். கிளிக்கு ஏற்ற மாதிரி சாப்பாடும் பச்சை. கொத்தமல்லி அரைத்துக் கிளறிய சோறு, முருங்கைக்கீரை, அவரைக்காய், புதினாத் துவையல். "கிளி மாதிரி இருக்கிற பொண்ணுக்குக் கிளி விருந்து" என்றாள் பெரியம்மா. நான் காக்காய்க்கு அக்கா நிறம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எல்லா வீட்டிலும் அரை வயிறுதான் சாப்பிட்டேன். புள்ளைக்குக் கல்யாணக் கனவு, சோறு இறங்கவில்லை என்று பொம்பளைகள் கேலி செய்தார்கள். கனவும் இல்லை ஒன்றும் இல்லை. மீதி அரை வயிறு அத்தை வீட்டுக்கு. அங்கே போய்ச் சாப்பிடும் சாப்பாட்டுக்காக ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என்றால் மாமாவின் மனைவி. மாமா அம்மாவுக்கு நேர் அண்ணன். கோவில்பட்டியில் வீடு, சின்னதாக ஒரு பருத்திக் கடை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் மாமா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் முடியும் வரை அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தேன். பெரிய மனுஷி ஆனதும் அங்கேதான். அத்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் ஏட்டிதான். பள்ளிக்கூடம் போகும்போது ஏட்டி, திட்டும்போது ஏட்டி, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போதும் ஏட்டி.

சனிக்கிழமை தோறும் அத்தை உளுந்தஞ்சோறு ஆக்குவாள். தோலோடு உடைத்த உளுந்தும் அரிசியும் பூண்டும் தேங்காயும் போட்டு வெண்கலப் பானையில் வைப்பாள். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். ஆனால் எனக்கு வேண்டியது மேல்சோறு இல்லை. பானையின் அடியில் பொன் நிறமாகப் பிடித்திருக்குமே, அந்தக் காந்தல். மாமாவுக்கும் காந்தல் என்றால் உயிர். ஆனாலும் அத்தை அவருக்குக் கொடுக்க மாட்டாள். "அவியளுக்குப் பல்லு போயிட்டு" என்று பொய் சொல்லிவிட்டு, அகப்பையால் சுரண்டி என் தட்டில் போடுவாள். மாமா முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பார்.

விருந்துகளுக்கு முன்னால், கல்யாணம் பேசும்போதே ஒரு கோளாறு நடந்திருந்தது. கடம்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தவர்கள், நாள் நன்றாக இருக்கிறது என்று அன்றைக்கே பூ வைத்துவிட்டார்கள். தாய்மாமன் இல்லாமலே நிச்சயம் நடந்துவிட்டது. மறுநாள் அப்பா கோவில்பட்டிக்குப் போய்ச் சொன்னார். மாமா நல்ல இடம்தான், சந்தோஷம் என்று சொன்னாராம். ஆனால் அப்பாவுக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. மச்சான் முறுக்கிக்கொண்டுதான் இருப்பான், விருந்துக்குக் கூப்பிடுகிறானா பார்ப்போம் என்று அம்மாவிடம் சொன்னார். தப்பு செய்தவனுக்குத்தான் எல்லாச் சத்தமும் தன்னைத் திட்டுகிற மாதிரி கேட்கும்.

எல்லா வீட்டிலிருந்தும் தட்டு வந்தது. கோவில்பட்டியிலிருந்து வரவில்லை.

ஒரு நாள் அப்பா பருத்தி போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். கோவில்பட்டிப் பருத்திப் பேட்டையில் மாமாவைப் பார்த்தாராம். பார்த்து என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். "பிள்ளை எப்ப வாரா மாப்பிள்ளைன்னு ஒரு பேச்சுக்குக் கேட்டான். அழைக்கவெல்லாம் இல்ல. ரோட்டுல நின்னுக்கிட்டுக் கேக்கதுக்குப் பேரு அழைப்பா?" என்றார் அப்பா. நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டு நின்றேன். கேட்டாரா, என்னைக் கேட்டாரா என்று எனக்குள் ஒரே சந்தோஷம். அப்பாவுக்கோ ரோஷம். அம்மா இரண்டு பக்கமும் பேச முடியாமல், "எங்க அண்ணன் வருவாவ, பாக்கு வைக்காமலா இருப்பாவ" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் வரவில்லை. அவளும் உள்ளுக்குள் நொந்துபோனாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கோவில்பட்டிப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்தால் பந்தக்கால் என்கிற நாளும் வந்தது. அன்றைக்கு விட்டால் இல்லை. காலையில் தலைக்குக் குளித்து, மாமா எடுத்துக் கொடுத்த பாவாடை தாவணியைக் கட்டிக்கொண்டேன். நான் எதற்கு உடுத்தியிருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. பலகாரம் சாப்பிடக் கூப்பிட்டாள் அம்மா, பசிக்கவில்லை என்றேன். பத்து மணி பஸ் எங்கள் ஊர் விலக்கில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அந்த டிரைவர் எப்போதும் ஆளுக்காகக் கொஞ்சம் நிற்பார். போய்விடலாமா என்று நினைத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கூப்பிடாத வீட்டுக்குக் கல்யாணப் பொண்ணு போனா அவளுக்குத்தான்டீ கேவலம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது. மத்தியான பஸ்ஸும் போய்விட்டது. சாயங்காலம் தாவணியை அவிழ்த்து மடித்து வைத்தேன். வயிறு காந்தியது. பழைய சோறு இருந்தது, தின்றேன்.

கல்யாணத்துக்கு மாமாவும் அத்தையும் முந்தின நாளே வந்துவிட்டார்கள். தாய்மாமன் செய்ய வேண்டியதில் ஒரு குறை கிடையாது. பட்டுச்சேலை, மாலை, வெள்ளிக் கொலுசு எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். அத்தை எனக்குச் சடை பின்னிவிட்டாள். எப்போதும் முடியை இழுத்து, ஏட்டி தலையை ஆட்டாதே என்று மண்டையில் ஒரு குட்டு வைப்பாள். அன்றைக்கு வலிக்காமல் பின்னினாள். குட்டும் இல்லை, திட்டும் இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் கோபம்தான். ஒரு தட்டு, நாலு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு. அதற்குக்கூட என்மேல் பிரியம் இல்லாமல் போயிற்றா என்று மணவறையில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். பிறந்த வீட்டைப் பிரிகிறாள், அழத்தான் செய்வாள் என்று சொன்னார்கள்.

கடம்பூர் போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் மாமாவும் அத்தையும் வந்து இறங்கினார்கள். நான் வாசலுக்கே ஓடினேன். அத்தை என் தலையைத் தடவிவிட்டு உள்ளே வந்து, பையைத் திறந்து ஒரு புதுத் தட்டை எடுத்தாள். அதில் வெற்றிலையை அடுக்கினாள், பாக்கு, பழம், குங்குமம் வைத்தாள். மாமா எழுந்து நின்று, மாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்கு வரவேண்டும் என்று என் மாமனாரிடம் சொன்னார். பிறகு அத்தை தட்டோடு என்னிடம் வந்தாள்.

எனக்கு எதுக்கத்தை வெற்றிலை என்று சிரித்துக்கொண்டு கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"வெத்தலை வைக்காம ஒரு தடவை பாத்தாச்சுல்லா. பந்தக்காலுக்கு முந்துன நாளு எலையைப் போட்டுட்டு, விளக்கு வைக்க வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தோம். மாமா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஸ்டாண்டுக்குப் போயிப் போயிப் பாத்துட்டு வந்தாவ. உளுந்தஞ்சோத்தை மறுநாளு மாட்டுக்கு வச்சோம்."

நீங்க அழைக்கவே இல்லையே அத்தை என்றேன்.

"பெத்த பிள்ளைய யாரும்மா வெத்தலை வச்சுக் கூப்பிடுவா? எங்க வீட்டுப் பிள்ளைன்னுட்டு இருந்துட்டோம். நாங்கதான் தெரியாம இருந்துட்டோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கணக்கில் தப்பாகக் கூட்டிவிட்டோம் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். தாவணி கட்டியதை, பஸ்ஸை, எல்லாவற்றையும் சொன்னேன். அதெல்லாம் போகட்டும், உன் தப்பு இல்லை என்று மாமா சொன்னார். தட்டை நீட்டியபடி நின்றாள் அத்தை. மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. வாங்கும்போதுதான் எனக்கு உறைத்தது, அத்தை வந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஏட்டி என்று சொல்லவில்லை.

விருந்துக்குப் போனோம். அத்தை புதுப் பாய் விரித்திருந்தாள். தலைவாழை இலை, இரண்டு இனிப்பு, கோழிக்குழம்பு, நடுவில் உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். எங்கள் ஊர் விருந்து எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அரை வயிறு இல்லை, முழு வயிறும் காலியாக வைத்துக்கொண்டு போயிருந்தேன். "நல்லா சாப்பிடும்மா, கூச்சப்படாத" என்றாள் அத்தை. அந்த வீட்டில் எனக்கென்ன கூச்சம்? அவளுக்குத் தெரியாமல் பானையிலிருந்து எடுத்துத் தின்று அடி வாங்கினவள் நான்.

மேல்சோறு வந்தது, மறுசோறும் வந்தது. காத்திருந்து பார்த்தேன். பிறகு வாய்விட்டே கேட்டேன், காந்தல் இல்லையா அத்தை என்று. அத்தை இன்னும் கொஞ்சம் மேல்சோற்றை என் இலையில் வைத்தாள்.

"விருந்தாளிக்குக் காந்தல் வைப்பாங்களாம்மா?" என்றாள்.

இலையை மூடிவிட்டு, கை கழுவுகிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். அவளே கொடுக்காவிட்டால் என்ன, நானே சுரண்டித் தின்றுவிடலாம் என்று நினைத்தேன். அகப்பை அதே ஆணியில் தொங்கியது. வெண்கலப் பானை அடுப்போரத்தில் இருந்தது. உள்ளே கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எதற்கும் எனக்கு அழைப்பு தவறியதில்லை. வீடு காரை பூசியதற்கு, மாமாவின் அறுபதுக்கு, எல்லாவற்றுக்கும் அத்தையே தட்டோடு வந்தாள். ஒரு தடவையாவது பாக்கு வைக்க மறந்துவிட மாட்டாளா என்று அவள் இருந்த வரைக்கும் ஏங்கிக்கொண்டிருந்தேன். அவள் மறக்கவே இல்லை.