இரண்டு ரேடியோ, ஒரே இரைச்சல்

மூன்று வருடத்துக்கு முன்னால், கேமரன் மலையில், தானா ராத்தா டவுனிலிருந்து தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்கும் ஒரு தோட்டத்து ரோட்டின் கடைசியில், ஆறு வீடு ஒட்டி வரிசையாக இருக்கிற லைன் வீட்டில் இது நடந்தது. நான் அந்தத் தோட்டத்து ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறேன். லோரி நின்றாலும் சரி, இலை அரைக்கிற மெஷின் நின்றாலும் சரி, என்னைத்தான் கூப்பிடுவார்கள். எதையும் பார்த்தவுடனே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவேன் என்ற ஒரு நினைப்பு எனக்கு உண்டு.

வேலைக்கு வெளியே எனக்கு ஒரே பைத்தியம், பழைய சிற்றலை ரேடியோ. கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவில்தான் இருக்கும், ஆனால் அந்தக் காலத்தில் பெரிய உத்தியோகக்காரர்கள் மட்டுமே வாங்கிய உயர்ந்த ரகம். என்னிடம் நான்கு இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு செட்டைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய், தேயிலை நிரைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவேன். ஒரே ஸ்டேஷனை இரண்டிலும் பிடிப்பேன். எதில் குரல் தெளிவு, எது பக்கத்து ஸ்டேஷனை உள்ளே விடாமல் தடுக்கிறது, எது ரொம்ப தூரத்துக் குரலையும் இழுத்துக்கொண்டு வருகிறது என்று பார்த்து நோட்டில் மார்க் போடுவேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, யார் பாஸ், யார் ஃபெயில் என்று கேட்பாள். பெரும்பாலும் என் ஜப்பான் செட்தான் பாஸ். ஸ்டேஷனை நம்பரிலேயே காட்டும். அதன் மேல் எனக்கு அவ்வளவு பெருமை.

எங்கள் தோட்டத்துக் கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி இருக்கிறார். நர்ஸை இங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், லைன் வீட்டில் தனியாக இருக்கிறார். அவரிடம் ஒரு ஜெர்மன் செட் இருந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் அவருடைய அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. முள் நகர்கிற பழைய டயல், கனமான பெட்டி, கோயில் மணி மாதிரி ஆழமான சத்தம். காலை ஆறரைக்குத் தமிழ் ஜெபம், சாயங்காலம் பாட்டு, இரண்டையும் அதில்தான் கேட்பார். எனக்கு அந்த செட்டின் மேல் கண். ஆனால் என்னுடையதைவிட நல்ல செட் என்று ஒத்துக்கொள்ள மனசு வராது.

ஒருநாள் கிளினிக்கில் என் கைக்காயத்துக்குக் கட்டுப் போடும்போது, ரேடியோ ஒரு மாதமாகக் கரகரவென்று இரைகிறது என்று சொன்னார். எந்த ஸ்டேஷன் வைத்தாலும் நடுவில் திடீரென்று சட்டிக்குள் எண்ணெய் பொரிகிற மாதிரி வருமாம், கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிடுமாம்.

யோசிக்கவே இல்லை. உள்ளே கண்டென்சர் என்கிற சின்னச் சாமான் காய்ந்து போயிருக்கும், கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டில் அது சுத்தமாகப் பாடியது. இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. திறந்து நாலு கண்டென்சரை மாற்றி, டயலைத் துடைத்து, மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் முன்னாலேயே பாட வைத்துக் காட்டினேன். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

மறுநாளே, திரும்ப வந்துவிட்டது என்று மிஸ்ஸி சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஜெர்மன் செட்டே அப்படித்தான் மிஸ்ஸி, வெளி இரைச்சலைத் தடுக்கத் தெரியாது, என் செட்டில் இதெல்லாம் வரவே வராது என்று ஒரு பிரசங்கம் செய்தேன்.

அவர் சண்டை போடவில்லை. "அப்படின்னா உங்க செட்ட கொண்டாங்கண்ணே. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துருவோம் லா" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு என் ஜப்பான் செட்டோடு போனேன். மழை பெய்து விட்டிருந்தது. மேசையில் இரண்டையும் ஒட்டி வைத்து, ஏரியலை ஒரே உயரத்துக்கு இழுத்து, புது பேட்டரி போட்டு, ஒரே ஸ்டேஷனைப் பிடித்தேன். பழைய பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஜெர்மன் செட்டில் அந்தப் பாட்டு ஆளை உட்கார வைத்தது. என்னுடையதில் ஒவ்வொரு வார்த்தையும் துல்லியம், ஆனால் அந்தக் குழைவு இல்லை. நான் துல்லியத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று பொரிகிற சத்தம் வந்தது. இரண்டிலும். என்னுடையதில்தான் அதிகம்.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம். என் செட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கிட்டத்து ஸ்டேஷன் ரொம்ப பலமாக வந்தால் குறைத்து வாங்குவதற்கு. மிஸ்ஸிக்குத் தெரியாமல் கட்டைவிரலால் அதைத் தள்ளிவிட்டேன். இரைச்சல் பாதியாகிவிட்டது. பார்த்தீங்களா, என் செட்டு எப்படி அடக்குது என்றேன்.

மிஸ்ஸி குனிந்து காதை வைத்துக் கேட்டார். "சத்தம் கொறஞ்சது சரிண்ணே. பாட்டும் சேந்து கொறஞ்சிருச்சே" என்றார்.

அவர் அந்த சுவிட்சைப் பார்த்தாரோ இல்லையோ, அதைப் பற்றிக் கேட்கவில்லை. மெதுவாக, "ஒருத்தருக்குக் காய்ச்சல் நூத்தி மூணு காட்டுதுன்னா, நான் தெர்மாமீட்டரயா மாத்துவேன்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கிளினிக்கில் பேசுகிற அதே குரல்.

சுவிட்சைப் பழையபடி வைத்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இரண்டு செட்டும் பேட்டரியில் ஓடுகின்றன, பிளக்கோடு சம்பந்தமே இல்லை. ஒன்று ஜெர்மனி, ஒன்று ஜப்பான், உள்ளே ஒரு சாமான்கூட ஒரே மாதிரி இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே சத்தம் போட்டால், கோளாறு இரண்டிலும் இல்லை. இந்த வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறது.

இரைச்சல் சட்டென்று நின்றது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வந்தது. எப்போதெல்லாம் வருகிறது என்று முதல் தடவையாக அவரிடம் கேட்டேன். நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். விடியற்காலையிலும் சாயங்காலமும்தான், மத்தியானத்தில் வராது என்றார். சொல்லிக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பினார். பக்கத்து வீட்டு பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

என் செட்டைத் தூக்கி மத்திய அலைக்கு மாற்றினேன். அந்த அலையில் பெட்டியைத் திருப்பத் திருப்ப சத்தம் கூடும், குறையும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஓரளவு பிடித்துவிடலாம். வாசல் பக்கம் நடந்தால் குறைந்தது. பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரை நெருங்க நெருங்க ஏறியது.

அந்த வீட்டில் ஒரு இளம் தம்பதி. புருஷன் கம்போங் ராஜா பக்கம் பூத்தோட்டத்தில் வேலை, இன்னும் வந்திருக்கவில்லை. கதவைத் தட்டினோம். அந்தப் பெண் கையில் துண்டோடு வந்து நின்றாள். குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தாளாம், உள்ளே தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. இரைகிற ரேடியோவும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து அவள் என்ன நினைத்தாளோ. மிஸ்ஸிதான் பேசினார். "ஒன்னுமில்லம்மா. அண்ணன் ரேடியோவ வச்சு ஒரு சாமான் பாக்கணுமாம். ரெண்டு நிமிசம்."

முன்னறையில் இரைச்சல். உள்ளறைக்குப் போனதும், ஸ்டேஷனே கேட்காத அளவுக்குப் பொரிந்து தள்ளியது. அங்கே உத்திரத்தில் தொட்டில் கட்டியிருந்தது. எட்டு மாதக் குழந்தை உள்ளே காலை உதைத்துக்கொண்டிருந்தது. செட்டைத் தலைக்கு மேல் தூக்கினேன். தொட்டிலுக்கு நேர் மேலே சீலிங் பலகையில் ஒரு தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை. மழைத் தண்ணீர் ஒழுகியது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

மிஸ்ஸி நாற்காலியில் ஏறிப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். "சுடுதுண்ணே."

ஏதாவது வாடை வந்ததா என்று கேட்டேன். ஒரு வாரமாக ஏதோ தீய்கிற மாதிரி வருகிறது, யார் வீட்டிலோ பெலாச்சான், அந்த இறால் விழுது, வறுக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன் என்றாள் அந்தப் பெண்.

நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். என் கையிலிருந்த ரேடியோ அந்த நொடியே அடங்கி, எங்கேயோ தூரத்தில் ஒருவர் மலாயில் செய்தி வாசிப்பது அமைதியாகக் கேட்டது. அப்போதுதான் முழுதாக நம்பினேன். அதுவரைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

மிஸ்ஸி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் வெளியே அனுப்பினார். தோட்டத்து வயர்மேன் முக்கால் மணி நேரத்தில் வந்து, டார்ச் அடித்துப் பலகையைக் கழற்றினார். முன்னால் குடியிருந்த யாரோ பாத்ரூம் வெந்நீர் ஹீட்டருக்காகத் தானே இழுத்த வயர். முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு. அது உருகிக் கட்டியாகி, கீழே இருந்த மரம் இரண்டு விரல் ஆழத்துக்குக் கரியாகியிருந்தது. ஹீட்டர் போடும்போதெல்லாம் அந்த ஒட்டில் தீப்பொறி பறந்திருக்கிறது. தொட்டில் கட்டியிருந்ததும் அதே உத்திரம். ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே மரம்.

வயர்மேன் கரியை விரலால் சுரண்டிக் காட்டினார். "இத எப்படி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். மிஸ்ஸி என்னைக் கை காட்டினார். அண்ணன்தான் ரேடியோவ வச்சுக் கண்டுபிடிச்சாரு என்றார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு மாதமாக அந்த ஜெர்மன் ரேடியோ தினம் இரண்டு வேளை கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நானோ அதன் வாயை அடைக்க நாலு கண்டென்சர் மாற்றியவன்.

கிளம்பும்போது மிஸ்ஸியிடம் அந்தச் சின்ன சுவிட்சைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியவில்லை. அவர், "திரும்பவும் சரியா வச்சீங்களேண்ணே, அது போதும்" என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

அந்த வாரமே தோட்டத்தில் எல்லா லைன் வீட்டிலும் வயரைச் சோதித்தார்கள். இன்னும் இரண்டு வீட்டில் இதே மாதிரி ஒட்டு இருந்ததாம்.

இப்போது ஒர்க்ஷாப்பில் ஒரு டிரைவர் வந்து, பிரேக் என்னமோ மாதிரி இருக்கிறது என்று சொன்னால், ஓட்டத் தெரியாதவன் என்று முன்னைப் போல மனசுக்குள் சிரிப்பதில்லை. எப்போது, எந்த இடத்தில், எப்படி என்று முதலில் கேட்கிறேன். குறை சொல்கிறவரிடமே குறையைத் தேடுகிற புத்தி எனக்கு இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அது தலைதூக்கும்போதெல்லாம், அந்தப் பலகையிலிருந்து சட்டென்று கையை எடுத்த மிஸ்ஸியின் முகம் ஞாபகத்துக்கு வருகிறது, நான் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைக்கிறேன்.