அன்லெஸ் புரியாத ஞாயிற்றுக்கிழமை

கிழக்கேகோட்டையில் இன்று ஒரு பலகாரக் கடையிலிருந்து வந்த, நெய்யில் ரவை வறுபடும் மணம், இப்போது வண்டி நிறுத்துமிடமாகிவிட்ட இங்கிலீஷ் டீச்சர் வீட்டுக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவரின் மகளான எனக்கு, சாக்பீஸ் தூள் பறக்கும் அந்த முன்னறை டியூஷனில், வாக்கியங்களை இணைக்கும் சொற்கள் மட்டும் பிடிபடவே இல்லை. "டோன்ட் கம் டுமாரோ அன்லெஸ் ஐ கால்" என்றார் டீச்சர் ஒரு சனிக்கிழமை. டோன்டில் ஒரு 'இல்லை', அன்லெஸ்ஸில் ஒரு 'இல்லை', கணக்கில்போல இரண்டும் அடிபட்டுப்போகும், ஆகவே வரச் சொல்கிறார் என்று நானே கண்டுபிடித்த பெருமையோடு, 'நான் கூப்பிட்டாலொழிய வராதே' என்பதுதான் அர்த்தம் என்று தெரியாமல், மறுநாள் போனேன். டீச்சரின் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இது?" என்று அவர்களில் ஒரு மாமி கேட்டார்.

"பாத்திரம் தேய்க்க வர்ற பொண்ணு மாமி" என்றார் டீச்சர், என்னைப் பார்க்காமலே.

புத்தகப்பையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, எல்லாத் தட்டுகளையும் தேய்த்துக் கவிழ்த்தேன். எப்படி அவ்வளவு சீக்கிரம் குனிந்தேன் என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"இன்னைக்கு என்ன மக்ளே படிச்ச?" என்று வீட்டில் அப்பா கேட்டார்.

"இன்னைக்குக் கிளாஸ் இல்லப்பா. எனக்குத்தான் புரியல" என்றேன்.