கேட்டதில் பாதி

நான் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. கண்டியில் பால்மா விநியோகிக்கும் களஞ்சியத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தால் நீங்களும் அப்படித்தான் ஆவீர்கள். எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்று முடிவு செய்வது என் வேலை. பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி பிடித்தது. ஐந்து பெட்டி தேவையென்றால் பத்து கேட்பார்கள். நானும் கேட்டதில் பாதியை வெட்டினேன். வெட்டுவேன் என்று தெரிந்துதான் கேட்டார்கள். தெரிந்துதான் நானும் வெட்டினேன். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை.

ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். எப்போதும் பன்னிரண்டு கேட்பார், ஆறு அனுப்புவேன். ஒரு முறைகூடச் சண்டைக்கு வந்ததில்லை. சண்டை பிடிக்காத வியாபாரியை எப்படி நம்புவது?

ஒரு மழைக்காலத்துத் திங்கட்கிழமை அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், இனிமே உள்ளதையே சொல்லிடுறேன். ஆறு பெட்டி போதும். வெட்டாம அனுப்புங்க. சின்னப் புள்ளைங்க நெறைய இருக்குற எடம்."

"ஓம் அண்ணை, பாப்பம்" என்றேன்.

தொலைபேசியை வைத்ததும் சிரிப்புத்தான் வந்தது. பன்னிரண்டு கேட்டவர் திடீரென்று ஆறுக்கு இறங்குகிறார் என்றால் பின்னறையில் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன, மனிதர் நல்லவர் வேஷம் போடுகிறார் என்று தீர்மானித்தேன். மூன்று பெட்டி ஏற்றச் சொன்னேன்.

அது போய்ச் சேர்ந்த மறுநாளே மண் சரிந்து பாதை மூடியது. ஒன்பது நாள் லொறி போகவில்லை.

பாதை திறந்ததும் முதல் லொறியில் நானே ஏறிக்கொண்டேன். உதவி செய்யப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அவருடைய பின்னறையைப் பார்க்கத்தான் போனேன்.

நான் வாய் திறக்குமுன்பே அவர் அறைக் கதவைத் திறந்துவிட்டார். மூன்று வெறும் பெட்டிகள் கிடந்தன. பக்கத்தில் ஒரு தராசும், பொட்டலம் மடிக்க நறுக்கிய கடதாசியும். பைக்கற்றுகளை உடைத்து, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு பொட்டலமாகக் கொடுத்திருக்கிறார்.

"நாலு நாளா அதுவும் இல்ல சார். புள்ளைங்களுக்கு வெறும் தேத்தண்ணிதான்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னில பிழை அண்ணை. இனி நீங்கள் கேக்கிறதை அப்பிடியே அனுப்புறன்."

"சரிங்க சார்" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய ஓடர் வந்தது. பன்னிரண்டு பெட்டி. பழைய சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டையும் அனுப்பினேன்.

மாலையில் லொறி ஆறு பெட்டியோடு திரும்பி வந்தது. என்ன இது என்று சாரதியைக் கேட்டேன்.

"ஆறு போதுமாம் சார். அடுத்த கிழமையும் பன்னிரண்டுதான் கேப்பாராம்."

என் வாக்கை நம்பாததற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.