வரிசையில் நின்ற பை

கண்டியில் ஒரு வெளிநாட்டுத் தூதரகக் கிளைக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். விசா போர்ம் நிரப்பிக் கொடுப்பதும் நான்தான். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. மிச்சத்தை அந்த வாசலில் நின்ற சனங்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

கலஹா தேயிலைத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் வரிசையில் பையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவது வழக்கம். “எங்க லயத்துல தண்ணி புடிக்கிற பீலியில ஆளா நிக்குது? கொடந்தானே நிக்கும்?” என்று ஒரு அம்மா சொன்னதை நானே பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். காவலுக்கு நிற்கும் பொலிஸ்காரர் ஒரு முஸ்லிம் மனிதர்; நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். அவர் அதைக் கண்டும் காணாமல் விடுவார்.

அன்று நிலைமை வேறு. அந்தத் தூதரகத்து நாட்டுக்கு எதிராகக் கொழும்பில் ஆர்ப்பாட்டம் என்று செய்தி வந்திருந்தது. காவல் இரட்டிப்பு, முன்பின் தெரியாத ஒரு இன்ஸ்பெக்டர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான், மழையில் நடுங்கி நின்ற ஒரு தோட்டத்து அக்காவிடம் பழக்கதோஷத்தில் சொன்னேன்: “பைய வச்சிட்டு வாங்கக்கா, அது நிக்கும்.”

அவருடைய மகளுக்கு அந்த நாட்டில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மகள் காய்ச்சலில் கிடக்க, அசல் சான்றிதழ்களோடு தாய் வந்திருந்தார். அன்றுதான் கடைசி நாள். பன்னிரண்டுக்குக் கவுண்டர் மூடிவிடும்.

என் கடையில் நான் கொடுத்த பிளேன்டீயை அவர் வாயில் வைக்கும்போது, வாசலைக் காலி செய்யச் சொல்லிப் பொலிஸ் விசில் ஊதியது. சனம் தத்தம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. சுவரோரம் ஒன்று மட்டும் மிஞ்சியது.

“யார்ட பேக் இது? யார்ட?” என்று நானா கத்தினார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, பொலிசு புடிச்சிட்டா எம்புள்ளைக்கு விசா குடுப்பாங்களா?”

நானா கடை வாசலுக்கு வந்தார். “ஷட்டர இழுங்க. குண்டா இருக்குமெண்டு வேகமா தண்ணிய பீச்சி பேக்க ஒடைக்கப் போறாங்க.”

“உள்ளுக்குப் பேப்பர் இருந்தா?” என்றேன்.

“தூளும் மிஞ்சாது.”

உண்மையைச் சொன்னால் கடையையே ஒரேயடியாக மூடச் சொல்வார்கள் என்ற பயம் எனக்கு. அக்காவின் கை இன்னும் என் கையில் இருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு, கைகளை உயர்த்தியபடி வெளியே வந்தேன். “சேர், வைக்கச் சொன்னது நான்.”

இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. தூதரகத்துக்குள் இருப்பவர்கள் இந்த நாட்டை நம்பி வந்தவர்கள், நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காகப் பையைத் தொட முடியாது என்றார் சிங்களத்தில். பைக்குள் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். நானா மொழிபெயர்த்தார்.

“ஒரு ஒடஞ்ச கொடை. ரொட்டி, சம்பல். நீலப் பைலு.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்லீங்க.” பிறகு அக்காவின் முகம் மாறியது. “ஒரு டோர்ச்சு லைட்டு. பெட்டரி போட்டது.”

எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். “அல்லாவே, இத மொதல்ல சொல்லப்படாதா?” என்றார் நானா.

மோப்ப நாய் வரும்போது பதினொன்றரை. பையைச் சுற்றி வந்தது, மோந்தது, அலுப்போடு திரும்பிப் பார்த்தது. கனத்த அங்கி போட்ட குண்டுப் பிரிவு ஆள் பையைத் திறந்து, அக்கா சொன்ன சாமான்களை ஈரத் தார் ரோட்டில் பரப்பினார். டோர்ச் கடைசியாக வந்தது. இன்ஸ்பெக்டர் பைலை விரித்துப் பார்த்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா தூதரக வாசலுக்கு ஓடினார்.

என்னை வாக்குமூலத்துக்கு ஜீப்பில் ஏற்றினார்கள். “ஒங்கட வாய்க்கும் ஒரு காவல் போடோணும்,” என்றார் நானா. ஜீப் திரும்பும்போது பார்த்தேன். அக்கா பைலைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கிச் சோதனைக்கு நின்றார். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். இரும்புக் கதவு திறந்தது. அவர் உள்ளே போனார்.

அவர் விட்டுப்போன சாமான்களை அள்ளிப் போட்ட பை என் மடியில் இருந்தது, ரொட்டி வாசத்தோடு.