லீவு கேட்கத் தெரியாதவன்

நிலக்கரி வெட்டுவதுகூடச் சுலபம். லீவு கேட்டு நிற்பவன் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்பதுதான் சுரங்கத்திலேயே கஷ்டமான வேலை. ஷிப்டுக்கு ஆள் போடும் புண்ணியவான்களே, உங்களுக்குச் சொல்லியா தெரியவேண்டும்? நான் கன்வேயர் பெல்ட் பகுதியில் ஷிப்ட் இன்சார்ஜ்.

மெஷின் வரும் நாள்

வீரமணி என் ஷிப்டில் பெல்ட் ஆபரேட்டர். சேத்தியாத்தோப்புப் பக்கம் கொஞ்சம் நிலம். தை பிறந்தால் உடம்பு இங்கே, மனசு வயலில். ஒருநாள் வந்து, நாளைக்கு லீவு என்றான், ஏதோ நாளைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு என்றால் கேட்கத் தெரியாதா என்று சத்தம் போட்டேன். ஊரில் அறுவடை மெஷின் முறைவைத்துத்தான் வரும், முறையை விட்டால் போச்சு, மேகம் வேறு கட்டியிருக்கிறது என்று பொறுமையாக விளக்கிவிட்டுச் சொன்னான்:

"மெஷின்காரன் என்னைக் கேட்டுகினா சார் வரான்?"

வீட்டில் நடந்த பாடம்

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் குவார்ட்டர்ஸில் புலம்பினேன். மனைவி ஆங்கில டீச்சர். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால் பாடம் எடுத்தாள். பழைய ஆங்கிலத்தில் லீவு என்றால் அனுமதி என்றுதான் பொருளாம். வராமலிருக்க அனுமதி என்று தொடங்கி, வராத நாளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம். அதோடு விட்டாளா? அன்புக்கு ஆங்கிலத்தில் இருக்கிற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதானாம்.

அடடே, அப்படியானால் நான் தினமும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அன்பையா என்று பூரித்துப்போனேன். அவள் பூரிக்கவில்லை. எங்கள் ஒரே மகளுக்குப் பாளையங்கோட்டையில், சம்பந்தி வீட்டில், வளைகாப்பு. நாள் குறித்திருப்பதோ தைப்பூசத்தன்று.

"ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்கறீங்க. நம்ம பொண்ணு வளைகாப்புக்கு உங்களை நான் யார்கிட்ட கேட்கிறது?"

என் முறை

பூசத்தன்று இங்கே ஷிப்ட் நடத்துவது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வடலூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஜோதி பார்க்கப் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். என் மேலதிகாரியிடம் போய் நின்றேன். லீவு கேட்பவனுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. நல்ல மனுஷர், என் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கூடவே ஒரு கொக்கி:

"பெல்ட்டுக்கு ஆளைக் காட்டிட்டுப் போங்க."

ஆள்

ஆளுக்கு எங்கே போவேன்? எல்லோருக்கும் பூச லீவு கொடுத்தது நான்தானே. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. மகள் கையில் வளையல் அடுக்கும்போது நான் பெல்ட் பக்கத்தில் நிற்கப்போகிறேன். கேண்டீனில் டீயைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீரமணி வந்தான். பின்னால், பூச லீவு வாங்கியிருந்த இன்னும் சிலர். விஷயம் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். டவுன்ஷிப்பில் எதுதான் தெரியாது? பூசத்தன்று எல்லோரும் ட்யூட்டிக்கு வருகிறார்களாம். ஷிப்ட் முடிந்ததும் நேராக வடலூர் போய்க்கொள்வார்களாம். வழக்கம்போல அவன் எதையும் கேட்கவில்லை, சொன்னான்:

"ஜோதி ராவுக்கும் காட்டுவாங்க சார். வளைகாப்பு ஒருவாட்டிதான். அன்னிக்கு உங்களுக்கு லீவு."

ஆகவே, ஷிப்ட் போடும் என் இனமே, லீவு கேட்கத் தெரியாதவனை ரொம்பத் திட்டாதீர்கள். அவனுக்குக் கொடுக்கத் தெரிந்திருக்கும்.